முந்தானை வழியாகத் தெரிந்த எழுத்து

வீடு வீடாகப் போய்க் கண் பார்க்கும் வேலையில் புதிதாகச் சேர்ந்திருக்கிறீர்கள். அட்டையை எந்த உயரத்தில் மாட்டுவது, எத்தனை வரி தெரிந்தால் சரி, யாருக்குச் சீட்டு எழுதிக் கொடுத்து முகாமுக்கு வரச் சொல்வது என்பதெல்லாம் உங்களுக்குப் பயிற்சியிலேயே சொல்லியிருப்பார்கள். ஐந்தாவதோடு படிப்பை விட்ட நான் அதில் புதிதாகச் சேர்க்க ஒன்றுமில்லை. நான் செய்த ஒரு தப்பைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். உங்கள் முன்னால் எழுந்து நின்று பேசச் சொன்னார்கள். எனக்கு அது வராது. முழங்கால் தேய்ந்து வேலையை விட்டுப் போகிற நேரத்தில் புதிதாக அதைப் பழகவும் முடியாது.

இந்த வேலைக்கு நான் வந்ததே பேசாமல் இருந்ததால்தான். தொப்பூர் மேட்டுக்குக் கீழே ரோட்டோர ஓட்டல் ஒன்றில் டீ போட்டுக்கொண்டிருந்தேன். லாரி டிரைவர்களுக்காகப் பக்கத்திலேயே கண் முகாம் போட்டிருந்தார்கள். டீ கொண்டுபோன இடத்தில், முகாமை நடத்திய மேடம் என் கையில் அட்டையைக் கொடுத்து, "அண்ணா, ஆள் வர்ற வரைக்கும் கொஞ்சம் பிடிங்க" என்றார். ஆள் வரவே இல்லை. சாயங்காலம் வரை நானே பிடித்தேன். "எங்ககிட்ட பேசறவங்க நெறைய இருக்காங்க. நீங்க பேசாம நிக்கறீங்க. வேலைக்கு வர்றீங்களா?" என்று கேட்டார். அந்த மேடத்திடம்தான் கடைசி வரை வேலை செய்தேன்.

அட்டையில் இருக்கும், இங்கிலீஷ் E மாதிரியான மூன்று கால் எழுத்து உங்களுக்குத் தெரியும். கால்கள் எந்தப் பக்கம் நீட்டியிருக்கின்றன என்று கையால் காட்டினால் போதும், படிக்கத் தெரிய வேண்டியதில்லை. ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஒரு முறை, மாற்றி மூடிக்கொண்டு ஒரு முறை. மூடுவதற்கு ஒரு கறுப்புப் பிளாஸ்டிக் கரண்டி கொடுத்திருந்தார்கள். ஆண்கள் ஒன்றும் சொல்லாமல் வாங்கி வைத்துக்கொண்டார்கள். பெண்களில் முதலாவதாக வந்தவரே அதைத் தள்ளிவிட்டார்.

"ஊர்ல இருக்கறவ மூஞ்சியில எல்லாம் வெச்சுட்டு, அத எம்மூஞ்சியில வெக்கச் சொல்றியா? போன மாசந்தான் தெருவெல்லாம் கண்ணு செவந்து கெடந்தாங்க."

அவர் சொன்னது நியாயம். கழுவித் தருகிறேன் என்று நான் சொல்லியிருக்கலாம். எனக்கு வாய் வரவில்லை. அவரே முந்தானையை இழுத்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு, "இப்பக் கேளு" என்றார். கேட்டேன். அன்றிலிருந்து கரண்டி பைக்குள்ளேயே கிடந்தது. பெண்கள் எல்லாரும் முந்தானையால் மூடிக்கொண்டார்கள். எனக்கு நிம்மதியாக இருந்தது. நான் அவர்களுக்கு மரியாதை கொடுப்பதாகக்கூட நினைத்துக்கொண்டேன்.

பெண்களின் முகத்தைப் பார்த்துப் பேசும் பழக்கமும் எனக்கு இல்லை. அட்டைக்குப் பக்கத்தில் நின்று, குச்சியால் எழுத்தைத் தொட்டுவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அவர்களுடைய கை எந்தப் பக்கம் போகிறது என்பது மட்டும் கண்ணில் படும். அதை வைத்து எழுதிக்கொள்வேன்.

நல்லம்பள்ளியிலிருந்து தொப்பூர் வரும் வழியில், ரோட்டை விட்டு உள்ளே ஒரு ஊர். மல்பெரி போட்டுப் பட்டுப்புழு வளர்க்கிற வீடுகள் அங்கே அதிகம். அதில் ஒரு வீட்டுக்குப் போனபோது மருமகள் செல்வி என்னை வாசலிலேயே நிறுத்தினாள்.

"அண்ணா, அங்கியே நில்லுங்க. புழு தோல் உரிக்குது. வெளியாளு உள்ள வரக்கூடாது. வாசனப் பவுடர் ஏதாச்சும் போட்டிருக்கீங்களா?"

"இல்லீங்க."

"ஏண்டி, இவரு மூஞ்சியப் பாத்தா பவுடர் போடறவரு மாதிரியா இருக்குது?" என்றபடி மாமியார் வெளியே வந்தார். பெயர் மாதம்மாள். அறுபது வயது இருக்கும்.

அவரும் முந்தானையால்தான் மூடிக்கொண்டார். வலது கண்ணை மூடியபோது எல்லா எழுத்துக்கும் சரியாகக் கை காட்டினார். இடது கண்ணை மூடியபோதும் கடைசி வரி வரை காட்டினார்.

"ஆத்தாவுக்கு ரெண்டு கண்ணும் நல்லா இருக்குதுங்க" என்றேன். அடுத்தவர் வீட்டு வாசலில் நான் முழுதாகச் சொல்லும் வாக்கியங்கள் குறைவு. அன்று பார்த்து அதைச் சொன்னேன்.

"கேட்டுக்க செல்வி. இனிமே நான் புழுவத் தப்பாப் பொறுக்கறேன்னு சொல்லு, அப்ப இருக்குது உனக்கு" என்றார் மாதம்மாள். சீட்டு எழுதாமல் அடுத்த வீட்டுக்குப் போனேன்.

நான்கு மாதம் கழித்து ஒரு புதன்கிழமை, வரப்போகும் ஞாயிற்றுக்கிழமை முகாமுக்கு நோட்டீஸ் கொடுக்க அதே ஊருக்குப் போனேன். புழு வீட்டுக்குள்ளிருந்து மழை பெய்கிற மாதிரி சத்தம். கடைசிப் பருவத்தில் புழுக்கள் தழை தின்னும் சத்தம் அது. மாதம்மாள் வீட்டுக்குள் இருட்டான மூலையில் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு சுவரில் சாய்ந்திருந்தார். என்னைப் பார்த்துக் கேலி எதுவும் சொல்லவில்லை.

"மூணு நாளா தலவலிங்கண்ணா. வாந்தி வேற" என்றாள் செல்வி. "புழுவுக்குப் போடற சுண்ணாம்புத் தூளு கண்ணுல உழுந்துருச்சாட்டம் இருக்குது. நந்தியாவட்டப் பூவப் புழிஞ்சு உட்டோம். கேக்கல."

"ஆஸ்பத்திரிக்குப் போகலீங்களா?"

தழைக்கட்டோடு உள்ளே வந்த மகன் முருகேசன் பதில் சொன்னான். "கண்ணு நல்லா இருக்குதுன்னு நீங்கதான சொன்னீங்க. தூசி உழுந்ததுக்குப் போயி எதுக்கு ஆஸ்பத்திரின்னு உட்டுட்டோம்."

அப்போதுதான் மாதம்மாளின் முகத்தை முதன்முதலாக நிமிர்ந்து பார்த்தேன். வலது கண் சிவந்து வீங்கியிருந்தது. நடுவில் கறுப்பாக இருக்க வேண்டிய இடம் வெள்ளையாக இருந்தது. புரை முற்றிய கண். அப்படி வெளுப்பதற்கு நான்கு மாதம் போதாது என்று எனக்குத் தெரியும். நான் அட்டையோடு வந்த அன்றே அந்தக் கண்ணில் பார்வை இருந்திருக்காது. பிறகு எப்படிக் கடைசி வரி வரை காட்டினார்?

கேட்பதற்கு முன்பே அவருடைய முந்தானை கண்ணில் பட்டது. மெல்லிய நைலக்ஸ் சேலை. கைக்கு மேல் கிடந்த துணி வழியாக வளையல் தெரிந்தது.

"ஆத்தா, நல்ல கண்ண உள்ளங்கையால மூடுங்க. அழுத்த வேணாம்" என்றேன். மூடினார். முகத்துக்கு முன்னால் விரல்களை நீட்டி எத்தனை என்று கேட்டேன்.

"எங்க காட்டற? நீ எங்க நிக்கற, அதச் சொல்லு மொதல்ல."

செல்வி வாயைப் பொத்திக்கொண்டாள். நான் டார்ச்சை எடுத்து வலது பக்கமாக அடித்தேன். வெளிச்சம் வரும் பக்கத்தை மாதம்மாள் கையால் காட்டினார். இடது பக்கம் மாற்றினேன். கையும் மாறியது. வெளிச்சம் எந்தப் பக்கம் என்று தெரிகிற வரைக்கும் ஒரு கண்ணைக் கைவிடக் கூடாது என்று எங்கள் டாக்டர் சொல்லியிருக்கிறார்.

வெளியே போய் மேடத்துக்குப் போன் செய்தேன். "எனக்கு என்னமோ பயமா இருக்குதுங்க மேடம், இது வந்து…" என்று இழுத்தேன்.

"நீங்க நினைக்கறது அப்புறம். பார்த்தது என்ன? அதை மட்டும் வரிசையாச் சொல்லுங்க."

சொன்னேன். சிவப்பு, நடுவில் வெள்ளை, மூன்று நாள் வலி, வாந்தி, விரல் தெரியவில்லை, வெளிச்சம் தெரிகிறது.

"ஞாயித்துக்கிழமை வரைக்கும் வைக்கக் கூடாது. உள்ளே அழுத்தம் ஏறியிருக்கும். இன்னிக்கே நம்ம ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வாங்க, டாக்டர்கிட்ட நான் சொல்லிடறேன்" என்றவர், "இவங்களுக்கு ஏன் அப்பவே சீட்டு கொடுக்கல?" என்று கேட்டார்.

"முந்தானையில மூட விட்டுட்டேன் மேடம். நான் தப்பாப் பாத்துட்டேன்."

"அதை அப்புறம் பேசலாம். முதல்ல அவங்களைக் கூட்டிட்டு வாங்க."

நீங்களும் இப்படி ஒரு நாள் மேலே உள்ளவர்களிடம் சொல்ல வேண்டி வரலாம். நினைத்ததை ஓரமாக வைத்துவிட்டுப் பார்த்ததைச் சொல்லுங்கள். பயந்திருக்கும்போதுகூட அதைச் சொல்ல முடிகிறது.

ஆனால் உள்ளே போனால் மாதம்மாள் எழுந்திருக்கத் தயாராக இல்லை.

"நாளைக்குப் புழு பழுக்குது. பொறுக்கறதுக்கு ஆளு வேணும். ஞாயித்துக்கெழம உங்க பஸ்ஸே ஊருக்கு வருதில்ல, அதுல வர்றேன்."

பட்டுப்புழு பழுப்பது என்றால் தின்பதை நிறுத்தி, உடம்பு கண்ணாடி மாதிரி ஆகி, கூடு கட்ட இடம் தேடுவது. அந்த நேரத்தில் ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கூடு கட்டும் தட்டில் விட வேண்டும். பிந்தினால் தழையிலேயே நூலை விட்டுவிடும். ஒரு மாதப் பாடு அந்த ஒன்றிரண்டு நாளில்தான் இருக்கிறது. அது எனக்கும் தெரியும்.

"நாலு நாள்தானங்க? மாத்திர ஏதாச்சும் குடுத்துட்டுப் போங்க" என்றான் முருகேசன்.

அவசரம், உடனே வர வேண்டும் என்று மட்டும் சொல்லிப் பார்க்கலாமா என்று யோசித்தேன். அது எனக்குச் சுலபம். ஆனால் அவர்கள் எதை நம்பி வருவார்கள்? கண் நல்லா இருக்கிறது என்று சொன்ன அதே வாய்தான் இப்போது அவசரம் என்றும் சொல்கிறது. முதலில் சொன்னது தப்பு என்று ஒத்துக்கொள்ளாமல், இரண்டாவது சொல்வதற்கு அந்த வீட்டில் மதிப்பு இருக்காது.

"நாலு நாள் தாங்காதுங்க. பார்வை மொத்தமாப் போயிரும். அன்னிக்கே இந்தக் கண்ணு தெரிஞ்சிருக்காது. முந்தானை வழியா நல்ல கண்ணாலேயே பாத்துக் கை காட்டியிருக்காங்க. நான் மூஞ்சியக்கூட நிமிந்து பாக்கல. தப்பு என்னுதுங்க."

முருகேசன் தழைக்கட்டைக் கீழே போட்டான். "அப்பறம் எதுக்குய்யா அட்டையத் தூக்கிக்கிட்டு வூடு வூடா வர்றீங்க? நீங்க வராமயே இருந்திருந்தா நாங்களே ஆஸ்பத்திரிக்குப் போயிருப்போமில்ல?"

அவன் கேட்டது நியாயம்.

மாதம்மாள் முந்தானையை எடுத்து நல்ல கண் மேல் பிடித்துக்கொண்டு மகன் பக்கம் திரும்பினார். "அட ஆமாண்டா முருகேசா. உம்மீச மொதக்கொண்டு தெரியுது" என்றார். அந்த வலியிலும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இந்த மனுசன ஏன்டா வெய்யற? தெரியுதான்னு கேட்டாரு. தெரிஞ்சுது, சொன்னேன். எந்தக் கண்ணுல தெரியுதுன்னு அவருங் கேக்கல, நானும் நெனச்சுப் பாக்கல."

முடிவு செய்தது செல்விதான். "நீங்க கெளம்புங்க அத்த. மேட்டு வூட்டுப் பழனியம்மாக்காவுக்குப் புழு பழுத்தப்ப நாம போயிப் பொறுக்கிக் குடுத்தமில்ல? இப்ப அவுங்க வருவாங்க. நான் போயிக் கூப்புடறேன்."

"அவ பழுக்காத பச்சப் புழுவையும் சேத்துப் பொறுக்கிருவாடி."

"பொறுக்கட்டும். உங்க கண்ணு போனாப் பொறுக்கி எடுக்க முடியுமா?"

முருகேசன் பையில் ஒரு சேலையும் தண்ணீர்ப் பாட்டிலும் வைத்து என் கையில் கொடுத்தான்.

பஸ்ஸில் மாதம்மாள் என் தோளில் சாய்ந்துகொண்டு வந்தார். நல்லம்பள்ளி தாண்டியதும் வாந்தி எடுத்தார். நான் பையைப் பிடித்தேன். பெண்கள் பக்கம் திரும்பவே தயங்குகிறவன், ஒரு பஸ் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, ஒரு பெண்ணின் நெற்றியைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு போனேன். அப்போது கூச்சம் நினைவுக்கே வரவில்லை.

"இந்தக் கண்ணு வருமா?" என்று கேட்டார்.

வரும் என்று சொல்லத்தான் ஆசை. "தெரியலீங்க ஆத்தா" என்றேன்.

"இந்தத் தடவ சரியாச் சொல்ற" என்றார்.

அன்று சாயங்காலமே ஊசியும் மருந்தும் கொடுத்து அழுத்தத்தைக் குறைத்தார்கள். வலி விட்டது. வெள்ளிக்கிழமை ஆபரேஷன். நேரத்துக்கு வந்துவிட்டார்கள், ஆனால் எவ்வளவு பார்வை மிஞ்சியிருக்கிறது என்பதைக் கட்டைப் பிரித்தால்தான் சொல்ல முடியும் என்றார் டாக்டர். அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தபோது, ஊரிலிருந்து வந்திருந்த முருகேசன் என் பக்கத்தில் உட்காராமல் எதிர்ப்பக்கம் நின்றுகொண்டே இருந்தான்.

மறுநாள் காலை கட்டைப் பிரித்தார்கள். நல்ல கண்ணை மூடச் சொல்லி டாக்டர் விரலைக் காட்டினார். மாதம்மாள் அந்த விரலைப் பார்க்காமல் வாசல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். கண் தெரியவில்லை என்றே நினைத்தேன்.

"அம்மா, விரல் எத்தனை?"

"ரெண்டு. அது இருக்கட்டுங்க. அங்க நர்சம்மா எடுத்துக்கிட்டுப் போறது இட்லிதான? எனக்கு உண்டா?"

முழுப் பார்வை வரவில்லை. புகைக்குள் பார்க்கிற மாதிரி கொஞ்சம் மங்கல் நின்றுவிட்டது. ஆனால் நடக்க, ஆளைத் தெரிந்துகொள்ள அந்தக் கண் போதும். முருகேசன் டீ வாங்கி வந்தான். ஒன்றை என்னிடம் நீட்டினான். அவ்வளவுதான்.

திங்கட்கிழமை மேடத்திடம் போனேன். வேலையை விட்டு அனுப்பிவிடுவார்கள் என்றுதான் நினைத்தேன்.

"எந்தெந்த ஊர்ல முந்தானையால மூடினாங்க?"

"எல்லா ஊர்லயும்தாங்க மேடம்."

"அப்ப எல்லா ஊருக்கும் திரும்பப் போகணும்."

"என்னையவே அனுப்பறீங்களா?"

"வேற யாரை அனுப்பறது? எந்த வீட்டுல எப்படிப் பார்த்தீங்கன்னு உங்களுக்கு மட்டும்தான் தெரியும். ஒவ்வொரு வாசல்லயும் போன தடவை தப்பாப் பார்த்துட்டேன்னு நீங்களே சொல்லணும். அந்தக் கரண்டியை அவங்க கண்ணு முன்னாலயே சோப்புப் போட்டுக் கழுவுங்க. அவங்க அருவருக்கறதுல தப்பே இல்ல."

ஆளை மாற்றிவிட்டுத் தப்பை மூடிவிடுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த மேடம் என்னைத் திட்டக்கூட இல்லை. அந்த வாக்கியத்தை வாசலுக்கு வாசல் சொல்ல வைத்தார். திட்டு வாங்குவது அதைவிட எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

மாதம்மாளின் ஊரிலிருந்தே ஆரம்பித்தேன். பழைய நோட்டைப் பார்த்து வீடுகளைக் குறித்து முடிப்பதற்குள் மூன்று வாரம் ஆகியிருந்தது. சுண்ணாம்புத் தூள் பறக்கும் என்பதால் புழு வீட்டுக்குள் போகக் கூடாது என்று அவருக்கு டாக்டர் சொல்லியிருந்தார். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வாசலில் சும்மா உட்கார்ந்திருந்தார். என் கையில் அட்டையையும் சோப்பு டப்பாவையும் பார்த்ததும் எழுந்துகொண்டார்.

"இரு, நானும் வர்றேன். நீ தனியாப் போனா ஒரு வூட்டுல பேசறதுக்குள்ள பொழுது போயிரும்."

முதலில் மேட்டு வீடு. மாதம்மாளுக்காகப் புழு பொறுக்க வந்த பழனியம்மாளின் வீடு. அவருக்கும் நான்தான் போன தடவை இரண்டு கண்ணும் நல்லா இருக்கிறது என்று எழுதியிருந்தேன். தப்பாகப் பார்த்துவிட்டேன் என்று சொன்னேன்.

"அப்ப அன்னிக்குச் சொன்னது பொய்யா?"

"பொய் இல்லீங்க. தப்பு."

"இன்னிக்குச் சொல்றது தப்பில்லன்னு எப்படித் தெரியும்?"

"அதுக்குத்தான்டி நான் கூட வந்திருக்கறேன்" என்றார் மாதம்மாள். "மொதல்ல கைய நீட்டு, கரண்டியப் புடி."

குடத்துத் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவி, சுத்தமான துணியில் துடைத்துக் கொடுத்தேன். இந்த முறை தரையைப் பார்க்கவில்லை. இடது கண்ணை மூடி வலது கண்ணால் பார்த்தபோது கை சரசரவென்று போனது. மாற்றி மூடச் சொன்னேன். பெரிய எழுத்தைக் குச்சியால் தொட்டேன். கை எழவில்லை.

"ஏங்க, இதுக்குள்ள ஏதாச்சும் மருந்து தடவியிருக்கீங்களா? ஒண்ணுமே தெரியல" என்றார் பழனியம்மாள். கரண்டியை எடுத்துப் பார்த்தார். மறுபடியும் வைத்தார். "அக்கா… எனக்கு வலிகிலி ஒண்ணுமே இல்லையே?"

அவருடைய முகம் மாறுவதைப் பார்த்தேன். பார்க்கவே கூடாது என்று இவ்வளவு நாள் நான் திரும்பிக்கொண்டது இந்த முகத்திலிருந்துதான் போலிருக்கிறது. டார்ச் அடித்தேன். இடது கண்ணில் புரை தெரிந்தது. சிவப்பு இல்லை, வீக்கம் இல்லை.

"வலி வர்றதுக்கு முன்னாடியே தெரிஞ்சிருச்சுங்க. இது நல்ல நேரம். வர்ற ஞாயித்துக்கெழம மறுபடியும் முகாம் இருக்குது, ஊருக்கே பஸ் வரும்" என்று சீட்டை எழுதிக் கொடுத்தேன்.

"புழு இருக்குதே" என்றார்.

"செல்வி வந்து பொறுக்கித் தருவா. பச்சப் புழு சேராம" என்றார் மாதம்மாள்.

பழனியம்மாள் சீட்டை இரண்டாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, பஸ் எத்தனை மணிக்கு வரும், கூட எத்தனை பேர் வரலாம் என்று கேட்டார். பதில் சொல்லிவிட்டுத் திரும்பினால் மாதம்மாளைக் காணவில்லை. அடுத்த வீட்டு வாசலில் அவருடைய குரல் கேட்டது.

"அடியே, எல்லாரும் வெளிய வாங்க! கண்ணுக்காரரு போன தடவ தப்பாப் பாத்துட்டாராம். மறுபடியும் பாக்க வந்திருக்காரு!"

அட்டையைக் கழற்றிக்கொண்டு ஓடினேன்.